ஆறாம் அத்தியாயம்: பிளாட்டினத்தின்மேல் மெத்தனால் – நிறை நிறமாலைமானியின் சாட்சியம்

அமிலக் கரைசலில் மூழ்கிய பிளாட்டினத் தகட்டின்மேல் மெத்தனாலின் ஒரு மூலக்கூறு முற்றாக ஆக்சிஜனேற்றம் பெற்றுக் கரியமில வாயுவாக மாறுமானால், அது ஆறு எலெக்ட்ரான்களை உலோகத்துக்குக் கொடுக்கிறது. நடுவழியில் ஃபார்மிக் அமிலமாக நின்றுவிட்டால் நான்கைக் கொடுக்கிறது. அதற்கும் முன்பே ஃபார்மால்டிஹைடாகக் கரைசலுக்குத் திரும்பிவிட்டால் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறது. இம்மூன்று கதிகளுள் எது நேர்ந்தது என்பதை வெளிச்சுற்றில் பாயும் மின்னோட்டம் ஒருபோதும் சொல்லாது. களத்துமேட்டில் நின்று மூட்டைகளை மட்டும் எண்ணிக் கணக்கெழுதுகிறவனைப் போன்றது அது. மூட்டைக்குள் இருப்பது நெல்லா பதரா என்று அவிழ்த்துப் பார்ப்பது அவன் வேலையன்று. ஆகவே ஒரே அளவு மின்னோட்டம் தரும் இரு வினையூக்கிகளைச் சமமெனக் கொள்வது, மெத்தனால் எரிபொருள் மின்கலத்தைப் பொறுத்தமட்டில், பெரும் பிழையாக முடியக்கூடும். ஒன்று எரிபொருளை முழுவதும் எரித்து அந்த ஓட்டத்தைத் தரலாம். மற்றொன்று அதைப்போல் மும்மடங்கு எரிபொருளை விழுங்கி, நச்சுத்தன்மையுள்ள ஃபார்மால்டிஹைடைக் கழிவில் விட்டு, அதே ஓட்டத்தைத் தரலாம். மின்வாயில் பிறக்கும் பொருளைப் பிறந்த சில கணங்களுக்குள் இனங்காணவும் அளவிடவும் வழிசெய்கிற சாதனம் நிறை நிறமாலைமானி. அதை மின்வேதிக் கலத்தோடு இணைத்து, மெத்தனால் என்னும் ஒரே பதார்த்தத்தை எடுத்துக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவுவதிலிருந்து இறுதி எண்ணை எழுதுவது வரை நடத்திக்காட்டுவதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

முதலில் வினையின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வது அவசியம். வெப்ப இயக்கவியலின்படி, மெத்தனால் கரியமில வாயுவாக மாறத் தொடங்க வேண்டிய மின்னழுத்தம் ஹைட்ரஜன் மின்வாயை நோக்க ஏறத்தாழ 0.02 வோல்ட்தான்; ஆனால் பிளாட்டினத்தின்மேல், அறை வெப்பநிலையில், அரை வோல்ட்டை நெருங்கும்வரை குறிப்பிடத்தக்க ஓட்டம் எழுவதில்லை. இந்தத் தாமதத்துக்குக் காரணம், மெத்தனால் சிதைந்து உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடு உலோகப் பரப்பை இறுகப் பற்றிக்கொண்டு, பிராணவாயு தாங்கிய ஒரு துணை அருகில் வந்து சேரும்வரை இடத்தை விடாமல் இருப்பதே. ஃபார்மிக் அமிலத்துக்கு இத்தகைய தடைப்பட்ட வழி ஒன்றும், தடையற்ற நேர்வழி ஒன்றும் இருப்பதைக் கேப்பனும் பார்சன்ஸும் 1973-இல் எடுத்துக்காட்டினர். மெத்தனாலுக்கு இணைவழிகள் உள்ள திட்டத்தைப் பகோட்ஸ்கி, வசிலியேவ், காசோவா ஆகிய மூவர் 1977-இல் வகுத்தனர். பரப்பைப் பற்றியிருப்பது கார்பன் மோனாக்ஸைடே என்பதற்குப் பெடன், லாமி, பியூயிக், குனிமட்சு ஆகியோர் 1981-இல் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு நேரடிச் சான்று அளித்தனர். நேர்வழியில் செல்லும் மூலக்கூறு ஃபார்மால்டிஹைடாகவோ ஃபார்மிக் அமிலமாகவோ கரைசலுக்குத் தப்பிப்போகலாம். தப்பியது மீண்டும் பரப்பில் ஒட்டி மேலும் ஆக்சிஜனேற்றம் பெறவும் செய்யலாம். பரப்பில் தங்கியிருப்பதை அகச்சிவப்பு ஒளி நன்கு காட்டும். தப்பிப்போவதைப் பிடிக்க வேறொரு வலை தேவைப்பட்டது.

அவ்வலையை 1971-இல் அமெரிக்காவில் புருக்கன்ஸ்டைன், கட்டே என்னும் இருவர் வீசினர். நுண்துளைகள் கொண்ட மின்வாயின் ஒரு பக்கம் கரைசலும் மறு பக்கம் வெற்றிடமுமாக அமைத்து, ஆவியாகும் விளைபொருளை நிறமாலைமானிக்குள் அனுப்பிக் கண்டறியலாம் என்று நிலைநாட்டினர். 1984-இல் ஜெர்மனியில் வோல்ட்டரும் ஹைட்பௌமும் வெற்றிட அமைப்பைத் திருத்தி, பொருள் சேர்ந்திருக்கும் அளவையன்றி, அது பிறக்கும் வேகத்தையே கருவி காட்டும்படி செய்தனர். மின்னோட்டமும் ஒரு வேகமே ஆதலால், அன்றுமுதல் இரண்டையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து ஒப்பிடுவது கைவந்தது. இன்று வகையீட்டு மின்வேதி நிறைநிறமாலையியல் என்று வழங்கும் முறை இதுதான்.

கலமும் சவ்வும்

இம்முறையின் உயிர்நாடி ஒரு டெஃப்ளான் சவ்வு. நீர் டெஃப்ளானை நனைப்பதில்லை. ஆகையால் துளையின் அகலம் ஒரு மைக்ரானுக்குக் குறைவாக இருக்கும்வரை, ஒரு புறம் வாயுமண்டல அழுத்தமும் மறு புறம் வெற்றிடமும் இருந்தபோதிலும், நீரின் மேற்பரப்பு இழுவிசையே அதைத் துளைக்குள் புகவொட்டாமல் தாங்கிக்கொள்கிறது. வழக்கமாகப் பயன்படும் சவ்வுகளில் துளையின் அகலம் 20 நானோமீட்டர் அளவிலும், சவ்வின் பருமன் 50 முதல் 75 மைக்ரான் அளவிலும் இருக்கும். அவ்வளவு மெல்லிய பொருள் தானாக நில்லாதாகையால், நுண்துளை எஃகுத் தட்டோ கண்ணாடி வடிதட்டோ அதற்கு அடியில் ஆதாரமாக வைக்கப்படுகிறது. திரவம் தடுக்கப்பட்டாலும் ஆவி தடுக்கப்படுவதில்லை. கரைந்துள்ள கரியமில வாயுவும் மெத்தனாலும் மட்டுமன்றி, எல்லாவற்றிலும் மிகுதியாக நீராவியே உள்ளே பாயும். அந்த நீராவிச் சுமையைத் தாங்கி, அயனிகள் உண்டாகும் அறையில் ஒரு மில்லிபாரின் லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் அழுத்தம் ஏறாதபடி காக்கவே இரு கட்டங்களாக டர்போ பம்புகள் வைக்கப்படுகின்றன.

மின்வாயை அமைப்பதற்கு இரு வழிகள் உண்டு. பிளாட்டினத்தை மெல்லிய படலமாகச் சவ்வின்மேலேயே படியச்செய்வது ஒன்று. விளைபொருள் பிறந்த இடத்திலேயே வெற்றிடத்துக்குள் இறங்கிவிடுவதால், ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கருவி பதில் சொல்லும், வாயுவில் பெரும்பகுதியும் கணக்கில் வந்துவிடும். ஆனால் இப்படலம் கரடுமுரடானது. படிகத் தளங்களின் வேறுபாட்டையோ, எரிபொருள் மின்கலத்துக்குரிய கார்பன் தாங்கிய தூள் வினையூக்கியையோ ஆராய விரும்புகிறவனுக்கு இது பயன்படாது. இரண்டாவது வழி, போன் பல்கலைக்கழகத்தில் பால்ட்ருஷாட்டும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய இரட்டை மெல்லடுக்குக் கலம். இதில் மேலறையில் மின்வாயும் கீழறையில் சவ்வும் தனித்தனியே இருக்க, கரைசல் மெல்லிய அடுக்காக மேலறையில் ஓடி, நுண்குழாய்களின் வழியாகக் கீழறைக்கு இறங்கி, சவ்வைத் தடவிக்கொண்டு வெளியேறுகிறது. விநாடிக்கு 5 மைக்ரோலிட்டர் அளவில் கரைசலை ஓடவிட்டால், மின்வாயில் பிறந்த பொருள் சவ்வை அடைய ஏறத்தாழ இரண்டு விநாடி ஆகும். விநாடிக்கு 10 மில்லிவோல்ட் என்னும் நிதானமான வேகத்தில் மின்னழுத்தத்தை மாற்றுகிறவனுக்கு இது 20 மில்லிவோல்ட் இடப்பெயர்ச்சி மட்டுமே ஆதலால், எளிதில் திருத்திக்கொள்ளலாம். எந்த மின்வாயையும் பொருத்தலாம் என்பதோடு, சவ்வின் நிலைமை மின்வாயின் நிலைமையைப் பாதிக்காது என்பதும் இக்கலத்தின் பெருமை; மெத்தனாலைப் பயிலத் தொடங்குகிறவர்களுக்கு இதையே நான் சிபாரிசு செய்வேன். மின்வாயின் அருகே நுண்முனை ஒன்றை நீட்டி ஆவியை உறிஞ்சும் மூன்றாவது யுக்தியும் உண்டு; கோப்பரும் அவருடைய குழுவினரும் லைடனில் அதை நேர்த்தியாகக் கையாண்டிருக்கின்றனர். எப்பொருள் எந்த மின்னழுத்தத்தில் தோன்றுகிறது என்று அறிய அது சிறந்தது. எவ்வளவு என்று அறிய அத்துணைச் சிறந்ததன்று.

சவ்வைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மெத்தனால் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பதார்த்தம்; எத்தனால் அதைவிட மிகுதியாகக் குறைக்கும். செறிவான கரைசலை நெடுநேரம் ஓட்டினால் துளைகள் மெல்லமெல்ல நனையத் தொடங்கி, ஒரு நாள் திரவமே உள்ளே புகும். லிட்டருக்கு 0.1 மோல் என்னும் செறிவு பெரும்பாலான பரிசோதனைகளுக்குப் போதுமானது. அதைத் தாண்ட வேண்டிய காரணம் தெளிவாக இருந்தாலன்றித் தாண்ட வேண்டாம். சவ்வுக்கும் நிறமாலைமானிக்கும் இடையில், அழுத்தம் திடீரென்று ஏறினால் தானாக மூடிக்கொள்ளும் அடைப்பிதழ் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். சுழலும் டர்போ பம்புக்குள் அமிலக் கரைசல் பாய்ந்தால் பம்பு மிஞ்சாது.

சுத்தமும் வெற்றிடமும்

பிளாட்டினம் எந்த அசுத்தத்தையும் மன்னிப்பதில்லை. பாத்திரங்களை, லிட்டருக்கு ஒரு கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் 0.5 மோல் கந்தக அமிலமும் கலந்த நீர்த்த கரைசலில் ஓர் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் அமிலம் சேர்த்த நீர்த்த ஹைட்ரஜன் பெராக்ஸைடால் பழுப்பு நிறக் கறை மறையும்வரை அலசி, பின்பு 18.2 மெகாஓம்-சென்டிமீட்டர் மின்தடைத்திறன் உடைய பரிசுத்த நீரில் பலமுறை கொதிக்கவைத்து எடுப்பது நல்ல வழக்கம். பெர்மாங்கனேட்டை எக்காரணத்தைக் கொண்டும் செறிந்த கந்தக அமிலத்தில் போடலாகாது. அங்கே உண்டாகும் மாங்கனீஸ் ஆக்ஸைடு வெடிக்கும் தன்மையுள்ளது. குளோரைடு சிறிதளவு நுழைந்தாலும் பிளாட்டினப் பரப்பில் ஒட்டிக்கொண்டு வினையைத் தடுக்குமாதலால், குளோரைடு கரைசல் நிரம்பிய ஒப்பீட்டு மின்வாய்களை இக்கலத்துக்கு அருகில் கொண்டுவராமல், அதே அமிலத்தில் இயங்கும் ஹைட்ரஜன் மின்வாயையே ஒப்பீட்டுக்குக் கொள்வது நலம்.

கரைசலில் கரைந்துள்ள காற்றை வெளியேற்ற ஆர்கானைச் செலுத்துக. நைட்ரஜன் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைச் செலுத்த வேண்டாம். நைட்ரஜன் மூலக்கூறின் நிறை எண் 28. கார்பன் மோனாக்ஸைடின் நிறை எண்ணும் 28. ஒன்றின் இரைச்சலில் மற்றொன்றின் குரல் அடங்கிப்போகும். நிறமாலைமானியின் இழையை முதல் நாள் மாலையிலேயே ஏற்றிவைத்து, பின்னணி ஓட்டங்கள் அடங்கி நிலைபெறும்வரை காத்திருக்க வேண்டும். காலையில் முதல் வேலை, மெத்தனால் சேர்ப்பதற்கு முன்பே, நைட்ரஜனுக்கும் பிராணவாயுவுக்கும் உரிய 28, 32 ஆகிய இரு எண்களையும் பார்த்து அவற்றின் விகிதம் காற்றின் விகிதத்தை ஒத்திருக்கிறதா என்று சோதிப்பது. ஒத்திருந்தால் எங்கோ ஓர் இணைப்பில் கசிவு உண்டு. ஆர்கானுக்குரிய 40 இச்சோதனைக்கு உதவாது, ஏனெனில் நாமே ஆர்கானைச் செலுத்தியிருக்கிறோம். மெத்தனால் சேர்த்தபின் 32-உம் உதவாது, ஏனெனில் அது மெத்தனாலின் எண்ணும் ஆகும். சோதனையின் வரிசையை மாற்றலாகாது என்று வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

பிறகு, லிட்டருக்கு 0.5 மோல் கந்தக அமிலம் மட்டும் ஓட, பிளாட்டினத்தின் மின்னழுத்தத்தை 0.05 வோல்ட்டுக்கும் 1.5 வோல்ட்டுக்கும் இடையே திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கி, ஹைட்ரஜன் ஒட்டிப் பிரியும் பகுதியில் கூர்மையான சிகரங்கள் தெளிந்து, அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும்வரை தொடர்க. அப்பகுதியின் மின்சுமையைச் சதுர சென்டிமீட்டருக்கு 210 மைக்ரோகூலும் என்ற வழக்கமான எண்ணால் வகுத்தால் மின்வாயின் உண்மைப் பரப்பு கிடைக்கும், அதைக் குறித்துவைத்துக்கொள்க.

அளவுத்திருத்தம்

இவ்வத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசகர் படிக்கப்போகிறார் என்றால், அது இதுவாக இருக்கட்டும். நிறமாலைமானி தருவது ஓர் அயனியோட்டம். பைக்கோஆம்பியர் அளவில் அது ஏறுகிறது, இறங்குகிறது. அந்த ஓட்டத்தில் எத்தனை மூலக்கூறுகள் அடங்கியுள்ளன என்பது சவ்வின் நிலை, கரைசல் ஓடும் வேகம், இழையின் வயது, எலெக்ட்ரான் பெருக்கியின் மின்னழுத்தம் ஆகிய இத்தனையையும் சார்ந்தது; இவற்றுள் எதுவும் நேற்று இருந்ததுபோல் இன்று இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆதலால் திருத்த மாறிலியை ஒருமுறை கண்டுபிடித்துச் சுவரில் எழுதி வைத்துக்கொள்வது பயனற்றது. அதை அன்றன்று, அதே கலத்தில், அதே ஓட்ட வேகத்தில், பரிசோதனைக்கு முன்பும் பின்பும் காண வேண்டும்.

இதற்குப் பெருவழக்காகப் பயன்படுவது, ஒட்டிய கார்பன் மோனாக்ஸைடை எரித்தல். மின்வாயை 0.1 வோல்ட்டில் நிறுத்தி, கார்பன் மோனாக்ஸைடு கரைந்த அமிலத்தைச் சில நிமிடங்கள் ஓட்டிப் பரப்பை நிரப்புக. பின்பு ஆர்கான் செலுத்திய அமிலத்தால் மிஞ்சியதை முழுவதும் வெளியேற்றி, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றுக. 0.7, 0.8 வோல்ட் அளவில் பரப்பிலுள்ளது முழுவதும் கரியமில வாயுவாக மாறி, மின்னோட்டத்தில் ஒரு சிகரமும், அவ்வாயுவின் நிறை எண்ணாகிய 44-இல் ஒரு சிகரமும் எழும். மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு எலெக்ட்ரான். அயனி மின்சுமையின் இரு மடங்கை மின்னோட்டத்தின் மின்சுமையால் வகுக்கக் கிடைப்பது திருத்த மாறிலி. சிகரத்தின் உயரத்தை ஒப்பிடாமல் பரப்பளவை ஒப்பிடுக. நுண்குழாய்களில் வரும் வழியில் சிகரம் அகன்றுவிடும், பரப்பளவு மாறாது. ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கார்பன் மோனாக்ஸைடு விலகியதும் காலியான இடத்தில் எதிரயனிகள் வந்து ஒட்டுகின்றன, மின்வாய்க்கும் கரைசலுக்கும் இடையிலுள்ள மின் இரட்டை அடுக்கும் புதிதாக மின்னேற்றம் பெறுகிறது. இவ்வாறு செலவாகும் மின்சுமை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கும் வரக்கூடும். இதைக் கழிக்காதவருக்கு மாறிலி குறைந்து வரும், பிற்பாடு மெத்தனாலிலிருந்து கிடைத்த கரியமில வாயுவின் பங்கு கூடித் தோன்றும். கார்பன் மோனாக்ஸைடு மணமும் நிறமும் அற்ற கொடிய நஞ்சு என்பதால், இந்த வேலையைப் புகைபோக்கிக் கூண்டுக்குள், எச்சரிக்கை மணியுள்ள உணரி இயங்கும்போது மட்டுமே செய்ய வேண்டும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது முறை. ஃபார்மிக் அமிலம் பிளாட்டினத்தின்மேல் ஆக்சிஜனேற்றம் பெறும்போது கரியமில வாயுவைத் தவிர வேறெதுவும் ஆகாது. மூலக்கூறுக்கு இரண்டு எலெக்ட்ரான் என்பதில் ஐயமில்லை. ஓட்டம் தொடர்ந்து வருவதால், இரட்டை அடுக்கின் பங்கு புறக்கணிக்கத்தக்கதாகிறது. மின்னழுத்தத்தை ஓரிடத்தில் நிறுத்தி, மின்னோட்டமும் 44-ஆம் எண்ணும் நிலைபெறும்வரை பொறுத்து, விகிதத்தை எடுத்துக்கொள்ளலாம். இரு முறைகளாலும் கிடைத்த மாறிலிகள் ஒத்துவந்தால்தான் மெத்தனாலைத் தொடுவது நியாயம்.

மெத்தனால்

இப்பொழுது, 0.5 மோல் கந்தக அமிலத்தோடு 0.1 மோல் மெத்தனால் சேர்த்த கரைசலை ஓடவிட்டு, விநாடிக்கு 10 மில்லிவோல்ட் வேகத்தில் மின்னழுத்தத்தை ஏற்றுக. கவனிக்க வேண்டிய நிறை எண்கள் பிரதானமாக இரண்டு: கரியமில வாயுவுக்கு 44, மெத்தில் ஃபார்மேட்டுக்கு 60. நிறமாலைமானியில் 70 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு மோதும் எலெக்ட்ரான்கள் மூலக்கூறுகளைத் துண்டுதுண்டாக உடைப்பதால், மெத்தனால் தனக்குரிய 32-இல் மட்டுமன்றி, 31-இலும் 29-இலும் வலிய ஓட்டம் தருகிறது. ஃபார்மால்டிஹைடின் 30-உம் 29-உம் அந்த வெள்ளத்தில் மூழ்கிப்போகின்றன. அதோடு, ஃபார்மால்டிஹைடு நீரோடு சேர்ந்து எளிதில் ஆவியாகாத வடிவத்தைக் கொள்கிறது. ஃபார்மிக் அமிலமும் நீர்த்த கரைசலிலிருந்து மிகச் சிறிதே ஆவியாகிறது. ஆகவே முக்கியமான இரு விளைபொருள்களை இக்கருவி நேராகக் காண்பதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபார்மிக் அமிலமும் மெத்தனாலும் சேர்ந்த எஸ்டராகிய மெத்தில் ஃபார்மேட் நன்றாக ஆவியாகும். 60-இல் எழும் சமிக்ஞை ஃபார்மிக் அமிலம் உண்டாகியிருப்பதற்கு நம்பத்தக்க சாட்சி. அதிலிருந்து ஃபார்மிக் அமிலத்தின் அளவையே நேராகக் கணக்கிட முற்படுவது வேறு விஷயம். எஸ்டராக மாறுவது அதன் சிறு பகுதிதான்.

மின்னழுத்தம் அரை வோல்ட்டைத் தாண்டியபின் மின்னோட்டமும் 44-ஆம் எண்ணும் சேர்ந்து ஏறுவதையும், ஒரு வோல்ட்டுக்கு மேல் பிளாட்டினம் ஆக்ஸைடால் மூடப்பட்டதும் இரண்டும் தளர்வதையும், திரும்பும் வழியில் ஆக்ஸைடு ஒடுங்கியவுடன் மீண்டும் எழுவதையும் காணலாம். ஏறும் சுற்றில் 60-ஆம் எண்ணின் நடை 44-இன் நடையோடு முழுதும் ஒத்திராது. அந்த வேறுபாட்டை உற்று நோக்குக. இரு வழிகளும் ஒவ்வொரு மின்னழுத்தத்திலும் ஒரே பங்கில் இயங்குவதில்லை என்பது அதில்தான் முதலில் புலப்படும்.

கணக்கை ஒரு கற்பனை உதாரணத்தால் விளக்குகிறேன். ஃபார்மிக் அமிலத்தைக் கொண்டு செய்த திருத்தத்தில் 2.0 மில்லிகூலும் மின்சுமைக்கு 4.0 பைக்கோகூலும் அயனி மின்சுமை வந்ததாகக் கொள்வோம்; இரண்டால் பெருக்கி வகுத்தால் மாறிலி 4.0 நானோ அளவு, அதாவது நூறு கோடியில் நான்கு பங்கு. பிறகு மெத்தனாலில் 6.0 மில்லிகூலும் பாய்ந்து, 44-இல் 2.0 பைக்கோகூலும் பதிவானால், கரியமில வாயு ஆறு எலெக்ட்ரானுக்கு உரியதாகையால், அயனி மின்சுமையை ஆறால் பெருக்கி, மாறிலியும் 6.0 மில்லிகூலும் சேர்ந்த பெருக்கத்தால் வகுக்க வேண்டும். விடை 0.5. மின்னோட்டத்தில் பாதி கரியமில வாயுவுக்குச் சென்றிருக்கிறது.

இங்கே நின்றுவிடுகிறவர்கள் பலர். மின்னோட்டத்தில் பாதி என்பது மூலக்கூறுகளில் பாதி ஆகாது. எஞ்சிய 3.0 மில்லிகூலும் முழுவதும் ஃபார்மால்டிஹைடுக்கே உரியதென்று வைத்துக்கொண்டால், அங்கே மூலக்கூறுக்கு இரண்டு எலெக்ட்ரான்தான். ஆறு எலெக்ட்ரான் கொடுத்த ஒவ்வொரு கரியமில வாயு மூலக்கூறுக்கும் எதிராக மூன்று ஃபார்மால்டிஹைடு மூலக்கூறுகள் பிறந்திருக்கின்றன. அதாவது வினைப்பட்ட மெத்தனாலில் கால் பங்குதான் முற்றும் எரிந்தது. எஞ்சியது ஃபார்மிக் அமிலம் என்று கொண்டாலோ, கரியமில வாயுவின் பங்கு ஐந்தில் இரண்டு. மின்னோட்டப் பங்கு, மூலக்கூற்றுப் பங்கு ஆகிய இவ்விரண்டில் எதைச் சொல்கிறோம் என்று ஒவ்வோர் இடத்திலும் தெளிவாக எழுத வேண்டும். எரிபொருளின் சிக்கனத்தைப் பேசுகிறவனுக்கு இரண்டாவதே பொருளுடையது. எஞ்சியது ஃபார்மால்டிஹைடா, ஃபார்மிக் அமிலமா என்று தீர்மானிக்க, கலத்திலிருந்து வெளியேறும் கரைசலைச் சேகரித்து, திரவ நிறப்பிரிகைக்கு அனுப்புவது நேர்மையான வழி. கழித்து மிஞ்சியதற்கெல்லாம் ஒரு பெயர் சூட்டிவிடுவது எளிய வழி, ஆனால் உறுதியற்றது.

ஐயத்துக்கு இடமான ஒன்றைத் தீர்க்க ஐசோடோப்பு பெரிதும் துணைசெய்யும். கார்பன்-13 ஏற்றிய மெத்தனாலிலிருந்து வரும் கரியமில வாயு 45-இல் தோன்றும். காற்றிலிருந்து கரைந்ததும், வினையூக்கியைத் தாங்கும் கார்பன் உயர்ந்த மின்னழுத்தத்தில் அரிக்கப்பட்டு வருவதும் 44-இல் தோன்றும். மேலும், கார்பன்-13 மெத்தனாலால் பரப்பை முதலில் நிரப்பி, பின்பு கரைசலைச் சாதாரண மெத்தனாலுக்கு மாற்றி ஆக்சிஜனேற்றம் செய்தால், பரப்பில் ஒட்டியிருந்தது 45-ஆகவும், கரைசலிலிருந்து புதிதாக வந்தது 44-ஆகவும் பிரிந்து நிற்கும். இத்துறையில் நான் கண்ட பரிசோதனைகளுள் இவ்வளவு குறைந்த சாதனத்தில் இவ்வளவு தெளிவைத் தருவது வேறில்லை.

கரைசலின் ஓட்ட வேகமும், வினையூக்கிப் படலத்தின் பருமனும் விடையை மாற்றும் என்பதைப் பலர் எளிதில் ஏற்பதில்லை. கரைசல் விரைந்து ஓடினால், தப்பிய ஃபார்மால்டிஹைடும் ஃபார்மிக் அமிலமும் மீண்டும் பரப்பைத் தொடுமுன் அடித்துச் செல்லப்படும். கரியமில வாயுவின் பங்கு குறையும். படலம் தடித்து, கரைசல் அதனுள் நெடுவழி ஊடுருவ நேர்ந்தால், ஓரிடத்தில் தப்பியது மற்றோரிடத்தில் பிடிபட்டு எரிந்துவிடும், பங்கு கூடும். ஜெர்மனியில் உல்ம் நகரத்தில் யூசிஸ், கைசர், பேம் ஆகியோர் கார்பன் தாங்கிய பிளாட்டினத்தின் அளவை மாற்றிமாற்றி ஆராய்ந்து, 2003-இல் இதைத் தெளிவாக வெளியிட்டனர். ஆகவே ஒரு வினையூக்கி இத்தனை சதவீதம் கரியமில வாயு தருகிறது என்னும் கூற்று அவ்வினையூக்கியின் குணத்தை மட்டும் சொல்வதன்று. அதை வைத்திருந்த கலத்தின் குணத்தையும் சேர்த்தே சொல்கிறது. வத்தனபேயும் மோத்தூவும் 1975-இல் விளக்கியபடி, பிளாட்டினத்தோடு ருதேனியம் சேரும்போது ருதேனியம் தாழ்ந்த மின்னழுத்தத்திலேயே நீரைப் பிளந்து பிராணவாயுத் துணையை அளிப்பதால், கார்பன் மோனாக்ஸைடு முன்னதாகவே விலகுகிறது. அக்கலவையைத் தனிப் பிளாட்டினத்தோடு ஒப்பிட விரும்புகிறவர் இரண்டின் பருமனையும் பரப்பையும் முதலில் சமப்படுத்திக்கொள்ள வேண்டும்.

எத்தனாலும் காரக் கரைசலும்

எத்தனாலுக்குச் செல்லும்போது ஒரு கண்ணி காத்திருக்கிறது. கரியமில வாயுவின் நிறை எண் 44. எத்தனாலிலிருந்து முதலில் பிறக்கும் அசெட்டால்டிஹைடின் நிறை எண்ணும் 44. அறை வெப்பநிலையில் பிளாட்டினத்தின்மேல் மிகுதியாகப் பிறப்பது அசெட்டால்டிஹைடும் அசெட்டிக் அமிலமுமே. கார்பன்-கார்பன் பிணைப்பு முறிந்து கரியமில வாயு வருவது சிறு பங்கு. இதை அறியாமல் 44-ஐ முழுவதும் கரியமில வாயு என்று எழுதினால், எத்தனால் சிறப்பாக எரிகிறது என்னும் தவறான நற்செய்தி கிடைக்கும். இரு மின்சுமை ஏற்ற கரியமில வாயு அயனி 22-இல் தோன்றும், அசெட்டால்டிஹைடு அங்கே குறுக்கிடாது. ஆதலால் ஓட்டம் மிகச் சிறியதாயினும் 22-ஐயே பின்பற்றுக. அசெட்டால்டிஹைடுக்கு 29-ஐக் கொண்டு, எத்தனால் தரும் நிலையான பின்னணியைக் கழித்துவிடலாம். அசெட்டிக் அமிலம் சவ்வைக் கடக்க மறுக்கும். அதற்கும் வெளியேறும் கரைசலையே ஆராய வேண்டும்.

காரக் கரைசலில் கரியமில வாயு பிறந்த இடத்திலேயே கார்பனேட்டாகிக் கரைந்துவிடுவதால், 44-இல் ஒன்றும் எழாது. எழவில்லை என்பதைக் கொண்டு பிறக்கவில்லை என்று முடிவு செய்யலாகாது.

குறிப்பேட்டில் சதவீதத்தை எழுதும் ஒவ்வொரு முறையும், அதன் அருகில் மெத்தனாலின் செறிவு, அமிலத்தின் பெயரும் செறிவும், வெப்பநிலை, கரைசல் ஓடும் வேகம், சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு பிளாட்டினம், அதன் உண்மைப் பரப்பு, முன்னும் பின்னும் கண்ட திருத்த மாறிலிகள், பங்கு மின்னோட்டத்தைக் குறிப்பதா மூலக்கூறைக் குறிப்பதா என்பன எல்லாவற்றையும் தவறாமல் எழுதுக. இவ்விவரங்கள் உடன் இல்லாத சதவீதத்தை, அது எவ்வளவு பெரிய ஆய்வகத்திலிருந்து வந்ததாயினும், வேறொன்றோடு ஒப்பிட இயலாது.